லைன் இருக்கா?

கூரை விளிம்பில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, "லைன் வந்துச்சாப்பா?" என்று கத்தினேன்.

கீழே வாசற்படியில் நின்று அப்பா உள்ளே இருந்த மோடத்தின் கோடுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கோடு வந்துச்சு... தோ, போயிருச்சு. சோத்தாங்கை பக்கம் திருப்பும்மா. ரொம்ப வேணாம், லேசா."

என் கையில் ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ நிற்கிற கோபுரத்தை நோக்கி அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"பாத்துடி, விழுந்து கிழுந்து வைக்காத. ஒன்னையக் கட்டிக்கப் போறவன் எங்களத்தான் ஏசுவான்."

"யாருக்கா அவன்? எனக்கே தெரியாது."

"லைன் வந்ததும் அதுல தேடிப் பாரு லா. கெடைப்பான்."

எங்கள் பக்கத்தில் லைன் என்றால் இரண்டு. தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி வரிசையாக நிற்குமே, அது லைன். 'நீ எந்த லைன்?' என்று கேட்டால் எந்த வரிசை வீடு என்று அர்த்தம். கைப்பேசியில் சிக்னல் கிடைப்பதும் இண்டர்நெட் ஓடுவதும் லைன்தான். 'லைன் இல்ல' என்றால் பேச முடியவில்லை. பிறந்ததிலிருந்து இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிப் பழகியிருக்கிறோம், குழம்பியதே இல்லை. எதிரில் நின்று பேசுகிறவர் எதைக் காட்டிப் பேசுகிறார் என்று கண்ணே சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு லைன் அவசரமாகத் தேவைப்பட்டது, மற்ற லைன் போகப்போவதால்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு அடுக்கு வீடுகள் கட்டப்போகிறார்களாம். கூலிம் பட்டணத்திலிருந்து வரும் புதிய சாலை ஏற்கனவே தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுவைக்கிற பழைய ஆயாக்கொட்டகை வரை வந்துவிட்டது. லைனில் இருந்தவர்கள் காலி செய்ய ஒரு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குச் சற்று முன்பாக வந்தது அம்மாவின் நினைவு நாள்.

அம்மா அந்த வீட்டு நடு அறையில்தான் கண்ணை மூடினாள். ஆண்டுதோறும் அங்கேதான் படையல். வீடு போவதைப் பற்றி அப்பா பெரிதாக எதுவும் சொல்லவில்லை. செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்த மனிதர், கம்பெனி வீடு கம்பெனிக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான். "கடைசிப் படையல். மூத்தவன் வந்து அவன் கையால சூடம் காட்டணும். அப்புறம் இடிக்கட்டும், எரிக்கட்டும், நமக்கென்ன."

மூத்தவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். தீபாவளிக்குக்கூட வந்து நாளாயிற்று. அம்மாவின் நாளில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வீடியோவில் தோன்றுவான், தலைக்கவசத்தோடு கும்பிடுவான், போய்விடுவான். இந்த முறை அப்படி முடியாது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். நான் ஒரு வரி எழுதிப் போடுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை.

"நீ எழுதாத. வீடு போகுதுன்னு புள்ளைக்கு நான்தான் சொல்லணும். என் வாயால."

ஆகவே கூரை. ஆகவே குழாய்.

நான் பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் படித்தவள். இப்போது கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை, பட்டணத்தில் ஒரு வாடகை அறை. இண்டர்நெட் எப்படி ஓடுகிறது என்று யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். கோயில் திருவிழா பந்தியில் சொல்லி, பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இடம் போன கதையும் உண்டு. அப்பா மட்டும் எழுந்து போக மாட்டார். அன்று மதியமும் குழாயை நிறுத்தும் முன் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"ஒங்க பேச்சு அப்படியே முழுசா போகாதுப்பா. துண்டு துண்டா வெட்டி, பொட்டலம் கட்டி, ஒவ்வொன்னுலயும் நம்பரும் முகவரியும் போட்டு அனுப்பும்."

"நம்ம வீட்டுக்கு ஏதும்மா முகவரி? எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தானே வரும்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதேதான்! தோட்டம் முழுவதற்கும் தபால் முகவரி ஒன்றே ஒன்று. எல்லோர் கடிதமும் ஆபீஸுக்கு வரும், எது எந்த வீட்டுக்கு என்று ஆபீஸுக்குத் தெரியும், பிரித்துக் கொடுத்துவிடும். வீட்டில் இருக்கிற ரவுட்டர் செய்வதும் அதுதான். வெளியுலகத்துக்கு ஒரே முகவரி காட்டும். உள்ளே இருக்கும் கைப்பேசி, தொலைக்காட்சி, கணினி ஒவ்வொன்றுக்கும் அதுவே ஒரு கதவு எண் கொடுத்து வைத்திருக்கும். வருகிற பொட்டலத்தை உரிய கதவில் சேர்க்கும். ரவுட்டர் அணைந்தால் உள்ளே இருப்பவர்கள் உலகத்துக்கு இல்லாதவர்கள்.

"பொட்டலமெல்லாம் ஒரே ரோட்டுலதான் போகுமா?"

"இல்ல. நம்ம ஃபேக்டரி பஸ் மாதிரின்னு வெச்சிக்குங்க. ஒரு ஷிப்ட்டு ஆளுங்க ஒரே பஸ்ஸுல கொள்ளாது. நாலஞ்சு பஸ்ஸு. ஒன்னு பெரிய ரோட்டுல வரும், ஜாம்னா இன்னொன்னு கம்பத்து ரோட்டுல, கிராமத்துக்குள்ள பூந்து வரும். கேட்டுல எறங்குனதும் நம்பர் பாத்து மறுபடி வரிசையா நிப்பாங்க."

"ஒரு பஸ்ஸு வழியில நின்னுருச்சு. அப்ப?"

"அதுக்கு ரெண்டு விதம் இருக்கு. நீங்க போட்டோ அனுப்புறீங்க, எழுதி அனுப்புறீங்கன்னா, அந்தப் பக்கம் எண்ணிப் பாக்கும். மூணாவது பஸ்ஸு வரலையே, திரும்ப அனுப்புன்னு கேக்கும். வர்ற வரைக்கும் விடாது. ஆனா பேசுறது வேற. பேச்சு ஃபேக்டரிக்குள்ள ஓடுற பெல்ட்டு மாதிரி. அது யாருக்காகவும் நிக்காது. லேட்டா வந்த பஸ்ஸ கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க. இருக்குற ஆளுங்கள வெச்சு ஓட்டிருவாங்க."

அப்பா உச்சுக்கொட்டினார். "அப்ப அந்த பஸ்ஸுல வந்தவன் பாவம் லா."

நான் சிரித்தேன். பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது என்ற பெருமையில் சிரித்தேன்.

இரண்டு கோடு வந்தது. ஆனால் குழாயை விட்டால் தன் கனத்திலேயே திரும்பிக்கொண்டது. "நான் புடிச்சிக்கிறேன், நீங்க உள்ள போயி பேசுங்க" என்றேன். தகரக் கூரை வெயிலில் கொதித்தது. அலைகளைத் தடுப்பதில் தகரத்தை மிஞ்ச ஆளில்லை, அதனால்தான் ஆன்டெனா வெளியே, மோடம் உள்ளே, நடுவில் கறுப்பு வயர். எனக்குக் கீழே, தகரத்துக்கு அடியில், அப்பாவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, சந்தம் மட்டும். தொடங்கும்போது உரக்க, நடுவில் தணிந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி தொடங்கி.

வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "சொல்லிட்டேன். எல்லாம் சொல்லிட்டேன். 'கவலப்படாதீங்கப்பா, நான் பாத்துக்கிறேன்'னான். பக்கத்துல நின்னு பேசுன மாதிரி இருந்துச்சு பாப்பா. அவ்ளோ தெளிவு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தவறவிடுகிற இடம் இது. கோபுரத்துக்குப் பெரிய தொண்டை. அது கத்தினால் மலை தாண்டியும் கேட்கும். நம் வீட்டு மோடத்துக்குச் சின்னத் தொண்டை. அது சொல்வது கோபுரத்துக்குப் பாதிதான் எட்டும். ஆக, வருகிற பாதையும் போகிற பாதையும் ஒன்றல்ல. எனக்கு நீ தெளிவாகக் கேட்கிறாய் என்பதால் உனக்கும் நான் தெளிவாகக் கேட்கிறேன் என்று ஆகாது. அப்பாவுக்கு அண்ணனின் குரல் முழுசாக வந்தது. அதனால் தன் குரலும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தார். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

அடுத்த வாரம் நான் வந்தபோது அப்பா நடு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுச் சாமான்கள் பாதி லாரியில் ஏறியிருந்தன.

"ஏண்ணே, இடிக்கப் போற வீட்டுக்கு யாராச்சும் சுண்ணாம்பு அடிப்பாங்களா?"

"மகன் வர்றான் லா."

"பொண்ணு பாக்கவா வர்றாரு? சொவத்தப் பாத்துட்டா சூடம் காட்டுவாரு?"

"அவங்கம்மா இப்படித்தான் வெச்சிருப்பா. அவன் பாக்கும்போது அப்படி இருக்கணும்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து, கீழே சொட்டிய சுண்ணாம்பைக் கூட்டத் தொடங்கினார். அவர்கள் கிளம்பும்போது கூரைத் தகரங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். போகும் இடத்தில் கோழிக்கூடு கட்ட ஆகும் என்றார்கள்.

அண்ணனுக்கு ஒரு வரி தட்டினேன். 'அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?' உடனே பதில் வந்தது. எங்கள் வயதுக்காரர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம், அதிலும் உயிரெழுத்துகளை எல்லாம் விழுங்கிவிடுவோம். 'ஏற்பாடு பண்ணிட்டேன், அம்மா நாளுக்குள்ள' என்று எழுதி, அதற்குப் பிறகு 'vndr' என்று நான்கு மெய்யெழுத்துகளோடு நிறுத்தியிருந்தான். 'வந்துர்றேன்' என்றும் படிக்கலாம். 'வந்துரும்' என்றும் படிக்கலாம். நான் 'வந்துர்றேன்' என்று படித்து அப்பாவுக்கு உரக்கச் சொன்னேன்.

நாள் வந்தது. அதிகாலையிலேயே நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வடை. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். படத்துக்கு முன்னால் இலை போட்டாயிற்று. மூத்தவன் உட்கார ஒரு பாய் விரித்து, அது கோணலாக இருக்கிறதென்று இரண்டு முறை சரி செய்தார். லைனில் எங்களையும் கடைசி வீட்டையும் தவிர யாரும் இல்லை. நாய்கள் மட்டும் காலி வீடுகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தன.

தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வாசலுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

வந்தவன் கூரியர்காரன், மலாய்க்காரன். தோட்டத்து ஆபீஸ் பூட்டியிருந்ததால் ஒவ்வொரு லைனாகத் தேடி வந்திருக்கிறான். "பாக்சிக், பாராங்!" என்றான், பெரியவரே, சாமான் வந்திருக்கிறது என்று; ஒரு பெட்டியை நீட்டினான். அப்பா அதை வாங்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். அவன் திரும்பிப் போன பிறகும் சாலையையே பார்த்தார்.

பெட்டியில் அனுப்பியவர் இடத்தில் அண்ணனின் பெயர். பிரித்தேன். உள்ளே ஒரு புது மோடம். வேறு கம்பெனி லைன், சிம் அட்டையோடு. எல்லாவற்றிலும் நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தான்.

"என்னம்மா இது?"

"லைன்ப்பா. அண்ணன் லைன் அனுப்பியிருக்கான்."

அப்பா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாய் மீது உட்கார்ந்தார், அண்ணனுக்கு விரித்த அதே பாயில். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் சிரித்ததில் தெரிந்தது. சத்தமே இல்லாத சிரிப்பு.

"லைன் போகுதுன்னேன். அவன் இந்த லைனுன்னு நெனச்சிக்கிட்டான்."

நான் கைப்பேசியை எடுத்தேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லாத. இனி சொல்லி என்னா ஆவப்போவுது? வண்டி நாளைக்கு வருது இடிக்க. இப்பச் சொன்னா அங்க ஒக்காந்து அழுவான். ஒசரத்துல நின்னு வேல செய்யிற புள்ள. இத மாட்டு. அவன் ஆசையா அனுப்புனது. இதுலயே கூப்புடு, பாக்கட்டும்."

மாட்டினேன். கூரை ஏற வேண்டியிருக்கவில்லை, ஆன்டெனாவும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் வைத்ததுமே பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அந்தக் கம்பெனி மலைக்கு இந்தப் பக்கமே புதுக் கோபுரம் நட்டிருந்தது, வரப்போகிற அடுக்கு வீடுகளுக்காக.

அண்ணன் முகம் திரை முழுக்க வந்தது. மூக்கின் வியர்வைகூடத் தெரிந்தது. "வந்துருச்சாப்பா? எப்படி இருக்கு லைன்?"

"நல்லா இருக்குடா. ரொம்பத் தெளிவா இருக்கு."

"சொன்னேன்ல, அம்மா நாளுக்குள்ள வந்துரும்னு. ஏய் பாப்பா, நெட்வொர்க் எக்ஸ்பெர்ட்டு! ஒன் மீன்முள்ளத் தூக்கிப் போடு. நான் இங்கேர்ந்து அனுப்புனதுதான் வேல செய்யிது, பாத்தியா?"

நான் "பாத்தேண்ணே" என்றேன்.

அப்பா சூடம் காட்டினார். நான் கைப்பேசியைப் பாய்க்கு நேரே பிடித்திருந்தேன். அண்ணன் அங்கே கண்மூடிக் கும்பிட்டான். சுவர் வெள்ளையைப் பார்த்து, "சொவரெல்லாம் புதுசா இருக்கு. அம்மா இருந்த மாதிரியே வெச்சிருக்கீங்கப்பா" என்றான். அப்பா தலையாட்டினார்.

பிறகு காகத்துக்குச் சோறு. இலையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு அப்பா வெளியே போனார். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். "எனக்கும் காட்டு பாப்பா, அம்மா வர்றாங்களான்னு பாக்கணும்" என்றான் அண்ணன். நான் யோசிக்கவில்லை, கைப்பேசியோடு பின்னாலேயே போனேன். அப்பா "கா... கா..." என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒன்று பறந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. அதன் பக்கம் கைப்பேசியைத் திருப்பினேன்.

"அப்பா" என்றான் அண்ணன். "காக்கா எங்க ஒக்காந்திருக்கு?"

எதிர்வீட்டு அக்காவின் கூரைச் சட்டத்தில். தகரமில்லாத வெறும் மரச்சட்டம். அதற்குள்ளே வானம். பழைய லைனாக இருந்தால் படம் கலங்கியிருக்கும், கறுப்பாக ஏதோ என்றுதான் தெரிந்திருக்கும். இதில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது.

"அக்கா வீட்டுக் கூரை எங்கப்பா? அந்தப் பக்கம் வீடெல்லாம்..." அவன் குரல் நின்றது. "பாப்பா, சுத்திக் காட்டு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெல்லச் சுற்றிக் காட்டினேன். கதவு இல்லாத வீடுகள், சாய்ந்த மரங்கள், ஆயாக்கொட்டகையை ஒட்டி நின்ற மஞ்சள் இயந்திரம்.

"லைன் போகுதுன்னு... இதத்தான் சொன்னீங்களா?"

"ஆமாடா."

அவன் காதில் விழுந்தது என்ன என்று பிற்பாடு சொன்னான். நடுவில் விழுந்துபோனவை போக, மிச்சம் இவ்வளவுதான்: 'லைன் போகப்போகுதுடா... அம்மா நாளுக்குள்ள... வந்துரணும்.' வர வேண்டியது யார், எது என்பது அதில் இல்லை. தமிழில் அதைச் சொல்லாமலே பேசலாம் இல்லையா. வீடு, இடிப்பது, கடைசிப் படையல், உன் கையால் சூடம் எல்லாமே கேட்டில் திருப்பி அனுப்பப்பட்ட பஸ்ஸில் இருந்தன. இருந்ததை வைத்துப் பெல்ட் ஓடிவிட்டது. தேய்ந்த வாக்கியம் அவனுக்கு முழு வாக்கியமாகவே கேட்டது. கேட்காத இடம் கேட்கவில்லை என்று தெரிந்தால்தானே திரும்பக் கேட்பான்?

"நான் இன்னைக்கே பஸ் ஏறுறேன்ப்பா."

"வாடா" என்றார் அப்பா. "வா. சோறு எடுத்து வெக்கிறோம்."

காகம் சோற்றை எடுத்துக்கொண்டு போயிருந்தது. எப்போது எடுத்தது என்று மூவருமே பார்க்கவில்லை.

அன்று மாலையே லாரியில் நாங்கள், அப்பாவுக்காக நான் கூலிமில் வாடகைக்கு எடுத்திருந்த அடுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணனுக்கு அன்றைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அவன் வந்து இறங்கிய காலையில் நான் மோட்டார் சைக்கிளோடு பஸ் நிலையத்தில் நின்றேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தான். "மொதல்ல அங்க போ" என்றான். அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தேன், "நான் பாத்துட்டேம்மா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார்.

செம்மண். அவ்வளவுதான் இருந்தது. இயந்திரப் பற்களின் தடம் வரிவரியாக. எது எங்கள் வீடு, எது அக்கா வீடு என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் கொஞ்சம் நடந்தான், குனிந்தான், ஒரு துண்டுச் சுவரைத் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் புது வெள்ளை. கையில் ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை.

அவன் கைப்பேசி அடித்தது. அப்பா. எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"போய்ட்டீங்களா? லைன் இருக்காடா அங்க?"

அண்ணன் கைப்பேசியைப் பார்த்தான். மேலே கோடுகள் எல்லாமே நிறைந்து நின்றன. புதுக் கோபுரம் இருநூறு முந்நூறு அடியில் பளபளத்தது. பிறகு தரையைப் பார்த்தான்.

"இல்லப்பா."

"இல்லாமலா இவ்ளோ தெளிவாப் பேசுற?" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

யாரும் பேசவில்லை. யாரும் துண்டிக்கவும் இல்லை. பேசாமல் இருக்கும்போதும் கைப்பேசி சும்மா இருப்பதில்லை, இருக்கிற சத்தத்தை வெட்டிப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அப்பா பக்கத்திலிருந்து எங்களுக்கு மின்விசிறி சுற்றுவது கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து அவருக்குக் காற்று கேட்டிருக்கும், கொஞ்சம் தள்ளி இயந்திரம் கிளம்புகிற சத்தமும்.